இனாம் மாமூலான வரலாறு

மூன்றாண்டுகளுக்கு முன், ஓர் அலுவலின் பொருட்டுச் சென்னைக்குச் சென்றிருந்தபோது, நண்பகல் உணவுக்காக ஒரு பெரிய உணவு விடுதிக்குள் நுழைந்தேன். பரிமாற வந்த இளைஞர் என்னைக் கண்டதும் கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஸலாம் உரைத்தார். முன்னொரு காலத்தில் என்னிடம் அரபி இலக்கணம் ஓதியவர். வீட்டு நிலை காரணமாக நான்காம் ஆண்டிலேயே கிதாபை மூடி வைத்துவிட்டுப் போனவர். அன்று அவர் எனக்குப் பரிமாறிய அன்பை எழுத்தில் கொணர இயலாது. உணவு முடிந்தது, சோம்புத் தட்டில் பில் வந்தது. பில் பணத்தை வைத்த பின்னர், அதற்குமேல் ஒரு தாளை வைக்க என் கை கூசியது. மாணவருக்கு ஹதியா கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால், அதைச் சோம்புத் தட்டில் வைத்தா கொடுப்பது? என் தடுமாற்றத்தை அவர் கண்டுகொண்டார்.

"வைத்துவிட்டுப் போங்கள், ஹஜ்ரத். உங்களைப் போன்றவர்கள் வைப்பீர்கள் என்று சொல்லித்தான் முதலாளி எனக்குச் சம்பளம் பேசினார்" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு பல நாள்கள் என்னை விட்டு அகலவில்லை. நான் வைத்த தாள் அவருக்குக் கொடையா, அல்லது அவருடைய முதலாளிக்கு நான் செய்த உதவியா? இவ்வினாவுக்கு விடை தேடிப் புகுந்தபோது, இது ஒரு சோம்புத் தட்டின் செய்தி மட்டுமன்று, கடல் கடந்த நாடுகளில் கலகமும் சட்டமும் வழக்கு மன்றமும் கண்ட நெடிய வரலாறு என்பது தெரியலாயிற்று.

முதலில் சொற்களைப் பார்ப்போம். பிரெஞ்சுக்காரர் இக்கொடையைக் குறிக்கும் சொல்லுக்குக் 'குடிப்பதற்காக' என்பது பொருள். ஜெர்மானியர் சொல்லுக்குக் 'குடிகாசு' என்பது பொருள். ருஷியர் 'தேநீருக்காக' என்பர். வட இந்தியாவின் 'சாய் பானி'யும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆங்கிலத்தின் 'டிப்' என்னும் சொல்லுக்கு, விரைவான பணியை உறுதி செய்வதற்கு எனப் பொருள்படும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளே அது என்று ஒரு விளக்கம் பலரால் சொல்லப்படுகிறது. அது பிற்காலத்தார் கட்டிய கதை. கொடு, கைமாற்று என்ற பொருளில் திருடர் கூட்டத்தாரின் குழூஉக்குறியாக 17ஆம் நூற்றாண்டில் வழங்கிய சொல் அது என்பதே மொழியறிஞர் துணிபு. பாரசீகத்தாரின் 'பக்ஷீஷ்' கொடுத்தல் எனப் பொருள்படும். அரபு நாடுகளில் இன்று வழங்கும் 'இக்ராமிய்யா' என்ற சொல்லோ, கண்ணியப்படுத்துதல் என்னும் வேரிலிருந்து வருவது.

நம் தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் நெடுங்காலமாக உள்ளன. இரண்டும் அரபியிலிருந்து வந்து தமிழாகிவிட்டவை. ஒன்று இனாம், அரபியில் 'இன்ஆம்', அருளிக் கொடுத்தல். மற்றொன்று மாமூல்; அரபியில் 'மஃமூல்', நடைமுறையில் இருந்து வருவது. கொடுப்பவன் தன் மனத்தின் விருப்பால் கொடுப்பது இனாம். கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கப்படுவது மாமூல். முன்னது எப்போது பின்னதாகிறது என்பதுதான் இங்கு நாம் காண வேண்டியது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம். அங்கே செல்வர் வீட்டில் விருந்துண்டவர் விடைபெறும் வேளையில், அவ்வீட்டின் பணியாளர் வாயில்வரை வரிசையாக நிற்பர். தொப்பியை எடுத்துத் தந்தவர், மேலங்கியைத் தந்தவர், மது ஊற்றியவர், வண்டியை அழைத்தவர் என ஒவ்வொருவர் கையிலும் காசு வைத்துத்தான் விருந்தாளி தெருவில் இறங்க முடியும். இக்காசுக்கு 'வேய்ல்ஸ்' என்று பெயர். கொடாதவர் மறுமுறை வந்தால் அவர் தட்டுக்கு உணவு வந்து சேரத் தாமதமாகும்; அவர் குதிரைக்கு என்ன நேரும் என்று சொல்வதற்கில்லை. வசதி குறைந்தோர் நண்பர் வீட்டு விருந்துக்குச் செல்லவே அஞ்சினர்.

இதை எதிர்த்து எழுதியவருள் முதன்மையானவர் ஜோனஸ் ஹான்வே. லண்டன் தெருக்களில் குடை பிடித்து நடந்த முதல் ஆண்மகன் என்று பெயர் பெற்றவர் இவர். வணிகத்தின் பொருட்டுப் பாரசீகம்வரை சென்று திரும்பி, அப்பயணத்தைப் பற்றி 1753இல் நூல் எழுதியவர். பக்ஷீஷ் என்ற சொல் பிறந்த மண்ணைப் பார்த்து வந்தவர், தம் ஊரின் பக்ஷீஷைக் கண்டு மனம் புழுங்கினார் போலும்! 1760இல் அவர் வெளியிட்ட கடிதங்கள் பணியாளரை வைவதோடு நின்றுவிடவில்லை. எசமானர்கள் தக்க சம்பளம் தர வேண்டும், பிறகே இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். ஏனெனில், விருந்தாளி தரும் காசைக் கணக்கிட்டே வீட்டுக்காரர் சம்பளம் பேசி வந்தார். ஆனால், பல செல்வர்கள் அவர் உரையின் ஒரு பாதியை விரும்பிக் கேட்டனர். மறு பாதியைக் கேளாதவர் போலிருந்தனர். காசு வாங்கலாகாது என்ற தடை பரவியபோது, 1764இல் லண்டனின் ரானிலா பூங்காவில் பணியாளர்கள் திரண்டு கலகம் செய்தனர். அவர்களைப் பேராசைக்காரர் என்று அன்றைய கனவான்கள் இகழ்ந்தனர். தம் வருமானத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் போகக் கண்டவர்களை அப்படி இகழ்வது எளிது.

இதே வழக்கம் கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்ற பிறகே அதன் முழு உருவமும் வெளிப்பட்டது. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்து வந்த அமெரிக்கச் செல்வர் அங்குக் கற்ற பழக்கத்தை ஊருக்குக் கொண்டு வந்தனர். அதே வேளையில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வேலை தேடி நின்றனர். உணவு விடுதிகளிலும் தங்கும் விடுதிகளிலும் இரயில்களிலும் பரிமாறவும் சுமக்கவும் அவர்களை எடுத்துக்கொண்ட முதலாளிகள் பலர், சம்பளம் என்று பெயருக்கு ஒரு தொகையைத் தந்தோ, அதுவும் தராமலோ, 'பயணிகள் தருவார்கள்' என்று கைகாட்டினர்.

இவருள் பெயர் பெற்றது புல்மன் நிறுவனம். ஜார்ஜ் புல்மன் 1867இல் நிறுவிய இது, படுக்கை வசதியுள்ள இரயில் பெட்டிகளை ஓட்டி வந்தது. அப்பெட்டிகளில் பணிபுரிந்த போர்ட்டர்கள் அனைவருமே கறுப்பினத்தார் எனலாம். பயணிகளுக்குப் படுக்கை விரித்தல், உடையைத் தூசு தட்டுதல், அவர்கள் உறங்கும்போது காலணிகளுக்கு மெருகிடுதல், நள்ளிரவில் இறங்க வேண்டியவரை எழுப்புதல் ஆகியவை இவர்களின் கடமை. காலணி மெருகைத் தம் காசில் வாங்க வேண்டும். பெட்டி புறப்படுமுன் அதை ஆயத்தப்படுத்தும் மணிகளுக்குக் கூலி இல்லை. மாதம் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் என்பது வேலையின் அளவு. பெயர்கூட அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. பயணிகள் எல்லாப் போர்ட்டரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தனர். எசமானின் பெயரால் அடிமையை அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது.

உணவு விடுதிச் சர்வரைப் பற்றித் தொடங்கி இரயிலில் ஏறிவிட்டேனே என்று வாசகர் எண்ண வேண்டா. இன்று அமெரிக்காவில் ஒரு சர்வர் எவ்வளவு சம்பளம் பெறுகிறார் என்பதன் வேர் இந்த இரயில் பெட்டிகளிலும் நிலைய மேடைகளிலும்தான் இருக்கிறது.

1915இல் அமெரிக்க அரசு அமைத்த தொழிலுறவுக் குழுவின் முன் புல்மன் நிறுவனத்தின் தலைவர் சாட்சியம் அளித்தார். போர்ட்டரின் மாதச் சம்பளம் 27.50 டாலர் என்பது அப்போது வெளிவந்தது. பயணிகள் தரும் டிப்ஸை எண்ணியே அச்சம்பளம் அமைந்திருப்பது மறைக்கப்படவில்லை. அவ்வாறு சாட்சியம் சொன்னவரின் பெயர் இராபர்ட் டாட் லிங்கன். அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் மைந்தர். இதற்கு மேல் உரை எழுத நான் விரும்பவில்லை.

அமெரிக்கர் எல்லோரும் இதை வாய்மூடி ஏற்றனர் என்றும் கருதலாகாது. கொடுப்பவன் மேலோன், வாங்குபவன் கீழோன் என்னும் ஐரோப்பியப் பழக்கம் குடியரசு நாட்டுக்கு இழுக்கு என்று பலர் எழுதினர். வில்லியம் ஸ்காட் என்பவர் 1916இல் இதற்கென்றே 'அரிக்கும் உள்ளங்கை' என்று பொருள்படும் பெயரில் ஒரு நூல் இயற்றினார். பெயரிலேயே பழி வாங்குபவனுடைய கையின்மேல் விழுவதை வாசகர் கவனிக்க. 1909இல் வாஷிங்டன் மாநிலமும், அதன்பின் மிசிசிப்பி, ஆர்கன்சா, அயோவா, டென்னசி, தென் கரோலினா ஆகியவையும் டிப்ஸைத் தடை செய்து சட்டம் இயற்றின. இவற்றுள் ஒன்றும் நிலைக்கவில்லை. ஒரு முடிதிருத்தகத் தொழிலாளி பற்றிய வழக்கில், 1919இல் அயோவா உச்ச நீதிமன்றம் அம்மாநிலச் சட்டத்தைத் தள்ளியது. வேலைக்காரன் வாங்கினால் குற்றம், கடைக்காரனே வாங்கினால் குற்றமில்லை என்று அச்சட்டம் எழுதப்பட்டிருந்தது! 1926இல் மிசிசிப்பியும் தன் சட்டத்தைக் கைவிட்டது. வாங்கும் கையைத் தண்டித்த இச்சட்டங்கள் எதுவும், அந்தக் கை ஏன் நீள்கிறது என்று சம்பளப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கவில்லை.

அதைப் புரட்டியவர்கள் போர்ட்டர்களே. 1925 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டனர். அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. டிப்ஸை வாங்கி வாழ்ந்தவர்களே, எங்களுக்கு டிப்ஸ் வேண்டா, வாழப் போதிய சம்பளம் வேண்டும் என்று கேட்டனர். 1927இல் நாட்டின் வணிகப் போக்குவரத்து ஆணையத்திடம் இதை முறையிடவும் செய்தனர். 1928இல் இது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று ஆணையம் கைவிரித்துவிட்டது. வந்துகொண்டிருக்கும் காசை வேண்டாம் என்று ஒருவன் சொல்வதற்குக் காரணம் இருக்க வேண்டும் அன்றோ? காரணம் இதுதான்: நாளை எவ்வளவு வரும் என்பது அவனுக்குத் தெரியாது. இன்று சிரித்தால்தான் வரும் என்பது மட்டும் தெரியும். 'ஜார்ஜ்' என்று அழைப்பவனிடமும் சிரிக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937 ஆகஸ்டில் புல்மன் நிறுவனத்தோடு அவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டனர். சம்பளம் உயர்ந்தது. மாத வேலை 240 மணி நேரமாயிற்று. கறுப்பினத் தொழிலாளர் சங்கம் ஒன்று பெரிய அமெரிக்க நிறுவனத்திடம் பெற்ற முதல் ஒப்பந்தம் இதுவென்று வரலாற்றாசிரியர் எழுதுவர். 1955இல் ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் எழ மறுத்துக் கைதானபோது, அவரை ஜாமீனில் மீட்கச் சென்ற இ. டி. நிக்சன் ஒரு புல்மன் போர்ட்டர். 1963இல் வாஷிங்டன் நகரில் நடந்த பெரும்பேரணியை முன்னின்று நடத்தியவர் ராண்டால்ஃப்.

சங்கம் அமைத்தவர் இவ்வாறு மீண்டனர், மற்றவர் மீளவில்லை. 1938இல் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இரயில் நிலையங்களில் சிவப்புத் தொப்பி அணிந்து சுமை தூக்கியவர்களின் முதலாளிகள் உடனே ஒரு வழி கண்டனர். பயணிகள் தரும் டிப்ஸைக் கணக்கெழுதி வா, அது குறைந்தபட்சக் கூலிக்குக் குறைந்தால் மிச்சத்தை நாங்கள் தருவோம் என்றனர். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அவ்வாறு கணக்கிடலாம் என்று 1942இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. உணவு விடுதிப் பணியாளரைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் கொணர்ந்த 1966ஆம் ஆண்டுத் திருத்தம், குறைந்தபட்சக் கூலியில் பாதிவரை டிப்ஸைக் கழித்துக்கொள்ள முதலாளிக்கு இடமளித்தது. 1991இல் சர்வருக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய தொகை மணிக்கு 2.13 டாலர் ஆயிற்று. கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்றளவும் அங்கேயே நிற்கிறது. பொதுவான குறைந்தபட்சக் கூலி 2009 முதல் 7.25 டாலர். டிப்ஸ் சேர்ந்தும் இத்தொகை எட்டாவிடில் முதலாளி நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மையே. ஆனால், குறைந்தது என்று தன்னை அமர்த்தியவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவர் அந்தச் சர்வர்தான்.

இனி நம் ஃபிக்ஹு நூல்களுக்கு வருவோம். உழைப்பை வாடகைக்குப் பெறும் இஜாரா ஒப்பந்தத்தில் கூலி 'மஃலூம்' ஆக, அதாவது இரு தரப்புக்கும் அறியப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது மத்ரஸாவில் இரண்டாம் முறை கேளாமலே மாணவர் ஒப்புவிக்கும் விதி. அறியப்படாத கூலி பிணக்குக்கு வாயில். நீராடும் ஹம்மாமில் எவ்வளவு நேரம், எவ்வளவு நீர் என்று பேசாமலே நுழைவதை மட்டும், மக்கள் வழக்கம் கருதி ஹனஃபி அறிஞர்கள் அனுமதித்தனர். மஃலூம், மஃமூல்: எழுத்துகள் அவையே, இடம் மட்டுமே வேறுபாடு. போர்ட்டர்கள் கேட்டது முன்னதை. அவர்களுக்குக் கிடைத்தது பின்னது.

டிப்ஸைக் கையூட்டு என்று ஒரே அடியாகத் தள்ளுவோரும் நம்மிடையே உளர். ஸகாத் திரட்டச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது, தன் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்த ஹதீஸை அவர்கள் எடுத்துக் காட்டுவர். அவர் பொது நிதியைத் திரட்டச் சென்ற அலுவலர். அவருக்குத் தரப்படும் அன்பளிப்பால் பொது நிதி குறையக்கூடும். விலை முழுவதையும் செலுத்திய பின் சர்வருக்குத் தரும் காசு யாருடைய நிதியைக் குறைக்கிறது? முதலாளியின் பண்டத்தை அளவு மீறி அள்ளி வைப்பதற்காக அது தரப்பட்டால் மட்டுமே அந்த ஹதீஸ் இங்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். இதைவிட நெருக்கமாகப் பொருந்துவது வேறொரு ஹதீஸ். உணவைக் கொண்டு வரும் பணியாளன் அதன் வெப்பத்தையும் உழைப்பையும் தாங்கியவன். ஆகவே அவனை உடன் அமர்த்துக, இயலாவிடில் ஓரிரு கவளமேனும் தருக என்பது அதன் கருத்து. அங்கே அக்கடமை பணியாளனை வைத்திருப்பவர்மேல் சுமத்தப்படுகிறது.

நான் தேடியதற்கு நேரான விடை மஜல்லாவில் கிடைத்தது. உதுமானியப் பேரரசு, அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி ஃபிக்ஹை விதி விதியாகத் தொகுத்து வெளியிட்ட சட்டநூல் அது. வழக்கத்தால் அறியப்பட்டது நிபந்தனையாகப் பேசப்பட்டது போன்றதே என்பது அதன் 43ஆம் விதி. இதைப் பிடித்துக்கொண்டு, டிப்ஸ் வழக்கமாகிவிட்டது, எனவே அதுவும் கூலியில் ஒரு பங்கே என்று ஒரு முதலாளி வாதிடக்கூடும். அந்த வாதத்துக்கு இடமில்லாமல், இஜாரா பற்றிய பகுதியில் 567ஆம் விதி வருகிறது. பணியாளருக்கு வெளியார் தரும் கொடையைக் கூலியில் கணக்கிடலாகாது என்பது அதன் பொருள். ஒரே வரி. 1942இல் வாஷிங்டனில் கறுப்பங்கி நீதிபதிகள் எதை அனுமதித்தனரோ, அதை ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இஸ்தான்புல்லில் தலைப்பாகை அணிந்தோர் மறுத்திருக்கின்றனர்.

பிற நாடுகள் தத்தம் வழியில் இவ்விடத்தைத் தேடி வந்திருக்கின்றன. பணியாளருக்கென வசூலித்த தொகை முழுவதும் அவர்களுக்கே சேர வேண்டும் என்று பிரான்ஸ் 1933இல் சட்டம் செய்தது. 1987 முதல் அங்கே விலைப் பட்டியலிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்க வேண்டும். பிரிட்டனில் முதலாளிகள் டிப்ஸில் கைவைப்பதைத் தடுக்கும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஹான்வேயின் கடிதங்களுக்கு 264 ஆண்டுகளுக்குப் பின்! அமெரிக்காவிலேயே கலிபோர்னியா, வாஷிங்டன் முதலிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் கூலியில் கழிக்க இயலாது. நம் நாட்டில் உணவு விடுதிகள் பில்லில் தாமாகவே சேவைக் கட்டணம் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தடுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அது உண்பவரைக் காக்கும் ஏற்பாடு. பரிமாறுபவரின் சம்பளத்தைப் பற்றி அது பேசவில்லை.

சென்ற மாதம் மறுபடியும் சென்னைக்குச் செல்ல நேர்ந்தபோது அதே விடுதிக்குச் சென்றேன். அம்மாணவர் அங்கேதான் இருந்தார். மஜல்லாவின் அந்த விதியை ஒரு தாளில் அரபியில் எழுதிக் கொண்டு போயிருந்தேன். நின்றபடியே வாசித்தார், நஹ்வு மறந்துபோகவில்லை, வேற்றுமைக் குறிகளைப் பிழையின்றி ஒலித்தார்.

"இந்தச் சட்டம் இப்போது எந்த ஊரில் நடக்கிறது, ஹஜ்ரத்?"

துருக்கியில் 1926இலேயே நீக்கிவிட்டார்கள் தம்பி என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஐந்தாம் மேசையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.